உலை, சம்மட்டி, ஆசாரி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கொல்லுத் தொழிலை முதன்முதலாகக் கற்க விரும்பி, ஓர் ஆசாரியிடம் சேர்ந்திருக்கும் அல்லது சேர எண்ணியிருக்கும் வாசகர்கள் கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் எழுதிய கடிதங்களை இவ்விதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டுள்ளோம். ஒரே செய்தியைக் கேட்டிருந்த கடிதங்களுக்குச் சேர்த்தே பதில் அளிக்கப்பட்டுள்ளது.

கேள்வி: புதுச்சேரியில் கணக்கராகப் பணிபுரிகிறேன். பாகூர் அருகே உள்ள ஒரு கொல்லுப்பட்டறைக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் தொழில் கற்கச் செல்கிறேன். சேர்ந்த நாளிலிருந்து கரி உடைப்பதும் புளோயர் சுற்றுவதும்தான் என் வேலை. சுத்தியைத் தொடவே ஆசாரி விடுவதில்லை. “இரும்படிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை?” என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். அவர் கற்றுத்தருகிறாரா, அல்லது சம்பளமில்லாத ஆளாக என்னை வைத்திருக்கிறாரா? (அரியாங்குப்பம் வாசகர்)

பதில்: உங்கள் ஐயம் நியாயமானதே. ஆனால் கரி உடைப்பதையும் காற்று கொடுப்பதையும் எடுபிடி வேலை என்று நீங்கள் ஒதுக்குவதை ஏற்பதற்கில்லை. சுத்தியால் அடிப்பது எப்படி என்பதைப் பார்த்த மாத்திரத்தில் ஓரளவு விளங்கிக்கொள்ளலாம். கையும் தோளும் அதற்குப் பழகிவிடும். நெருப்பைப் பேணுவதும், நிறத்தைக் கொண்டே இரும்பின் சூட்டை மதிப்பதும், தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று “இப்போது எடு”, “இன்னும் கொஞ்சம் பொறு” என்று சொல்லச் சொல்லத்தான் கண்ணுக்குப் பிடிபடும். ஆசாரியிடமிருந்து நீங்கள் பெறவேண்டிய முதன்மையான சொத்து அதுவே. அது உலைக்கு முன்னால்தான் கிடைக்கும்.

அடுத்த முறை செல்லும்போது நெருப்பைச் சற்று உற்றுக் கவனியுங்கள். காற்று நுழையும் குழல்வாய்க்கு மிக அருகில் நெருப்பு வெளுத்து எரிந்தாலும், அங்கே காற்று மிகுதியாக இருப்பதால் இரும்பின் மேல் செதில், அதாவது சூட்டில் காற்றுப் பட்டு உண்டாகும் கறுத்த பொருக்கு, விரைவாகப் படியும். செதிலாக உதிர்வதெல்லாம் உங்கள் இரும்புதான். அதற்குச் சற்று மேலே, கரி கனிந்து காற்றிலுள்ள பிராணவாயுவைத் தின்று தீர்த்துவிட்ட நடுப்பகுதிதான் இரும்பு இருக்கவேண்டிய இடம். கம்பியை மேலிருந்து குத்தி இறக்காமல், கீழேயும் மேலேயும் கனிந்த கரி இருக்கும்படி படுக்கையாக நுழைக்கவேண்டும். கரித்துண்டுகள் எலுமிச்சம்பழ அளவுக்கு மேல் பெரிதாக இருந்தால் இடைவெளி வழியாகக் காற்று வீணாக ஓடிவிடும். தூளாக இருந்தால் காற்று அடைபடும். ஆசாரி உங்களைக் கரி உடைக்கவும் சலிக்கவும் வைத்திருப்பதன் காரணம் இதுவே.

நிறங்களைப் பொறுத்தவரை, இருட்டில் மட்டும் தெரியும் மங்கிய சிவப்பு ஏறத்தாழ 550 டிகிரி செல்சியசையும், நல்ல செஞ்சிவப்பு 750 முதல் 800 டிகிரியையும், ஆரஞ்சு 950-ஐ ஒட்டியும், மஞ்சள் 1,100-க்கு மேலும், வெண்மை 1,300-ஐ நெருங்கியும் இருக்கும். இந்த எண்களை மனப்பாடம் செய்வதால் பயன் குறைவு. ஏனெனில் வெயில் விழும் இடத்தில் 800 டிகிரி இரும்பும் கறுத்தே தோன்றும். கொல்லுப்பட்டறைகளுக்குத் தாழ்ந்த கூரையும் மங்கிய வெளிச்சமும் அமைந்திருப்பது ஏழ்மையால் மட்டும் அன்று. சாதாரண இரும்பை மஞ்சளில் எடுத்து அடிக்கத் தொடங்கி, மங்கிய சிவப்புக்கு இறங்கியதும் நிறுத்தி, மீண்டும் உலையில் வைக்கவேண்டும். அதற்குக் கீழே அடித்தால் விரிசல் காணும். வெண்மையையும் தாண்டி நெருப்பில் மறந்துவிட்டால் கம்பி நுனி மத்தாப்பைப் போலப் பொறி விடும். அந்தப் பகுதி கரிந்துபோய்விட்டது, வெட்டி எறிவதைத் தவிர வேறு வழியில்லை.

இனி, அவர் கற்றுத்தருகிறாரா என்பதை நீங்களே கண்டுகொள்ள ஒரு வழி உண்டு. இரும்பை வெளியே எடுக்கும்போது உங்களைக் கூப்பிட்டு நிறத்தைக் காட்டுகிறார் என்றால், காற்றைக் கூட்டு, குறை என்று சொல்லும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறார் என்றால், அவர் கற்றுத்தரவே செய்கிறார். உலைக்கு முதுகைக் காட்டியபடி மூட்டை தூக்கவும் தேநீர் வாங்கவும் மட்டுமே உங்களுக்கு நேரம் போகிறது என்றால், நேரடியாகப் பணிவுடன் கேட்டுவிடுங்கள்: “வேலை முடிந்த பின் கடைசி நெருப்பில் ஒரு துண்டுக் கம்பியை நான் அடித்துப் பார்க்கட்டுமா, ஆசாரி?” பட்டறை அணையும் நேரத்து நெருப்பு எப்படியும் வீணாகப் போவதுதான், அதைக் கேட்பதில் அவருக்கு இழப்பு ஏதும் இல்லை.

கேள்வி: முதல் வேலையாக ஒரு கொடுவாள் செய்ய ஆசைப்படுகிறேன். காயலான் கடையில் லாரிப் பட்டை (லாரிக்கு அடியில் சுமை தாங்கும் வில் பட்டை) மலிவாகக் கிடைக்கிறது. ஆசாரியோ கொக்கியும் ஆணியும் செய்யச் சொல்கிறார். எது சரி? (கடலூர் முதுநகர் வாசகர்)

பதில்: ஆசாரி சொல்வதே சரி. ஒரு கூராணி செய்வதற்குள் இத்தொழிலின் பாதி அடங்கியிருக்கிறது. உருட்டுக் கம்பியின் நுனியைக் கூராக்கவேண்டும் என்றால், எடுத்த எடுப்பில் உருட்டி உருட்டி அடிக்கக்கூடாது. அப்படி அடித்தால் மேற்பரப்பு மட்டும் நீண்டு, உள்ளே நடுப்பகுதி பிளந்துவிடும். முதலில் நுனியை நான்கு பட்டையாக்கி, ஒவ்வோர் அடிக்கும் கம்பியைக் கால்வட்டம் திருப்பி, வேண்டிய நீளத்துக்கு இழுத்துக்கொள்ளவேண்டும். பிறகு நான்கு மூலைகளையும் தட்டி எட்டுப் பட்டையாக்கி, கடைசியில்தான் உருட்டாக்கவேண்டும். புதிதாகக் கற்பவர் கையில் நான்கு பட்டை சாய்ந்து சாய்சதுரமாகிவிடுவது வழக்கம். திருப்பும்போது மணிக்கட்டு முழுக் கால் பாகம் திரும்பாததே அதற்குக் காரணம். அப்போது நீண்ட மூலையை மேலே வைத்து அடித்துச் சதுரத்தை மீட்டுக்கொண்டுதான் மேலே செல்லவேண்டும். கூர் எடுக்கவும், அதை வளைக்கவும், முறுக்கவும் தெரிந்துவிட்டால் சுவர்க்கொக்கி, உறிக்கொக்கி, அடுப்புக் குறடு என்று வீட்டுக்குப் பயன்படும் பொருள்கள் தாமாகவே வந்து சேரும். குறட்டைச் சொந்தமாகச் செய்துகொள்ளும்வரை கொடுவாளை நினைக்கவேண்டாம் என்பது என் கருத்து.

இரும்பைத் தேர்வதிலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. கட்டட வேலையில் மிஞ்சும் முறுக்குக் கம்பியில் கரிச்சத்து (கார்பன்) 0.25 முதல் 0.30 விழுக்காட்டைத் தாண்டாது. கொக்கிக்கும் ஆணிக்கும் அது போதும், ஆனால் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ எவ்வளவு தோய்த்தாலும், வெட்டும் விளிம்பாகிய வாயில் கூர் நிற்கும் அளவுக்கு அது கடினப்படாது. லாரிப் பட்டையில் கரிச்சத்து அரை விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். கத்திக்கும் அரிவாளுக்கும் உரியது அதுவே. ஆனால் அது சம்மட்டிக்கு எளிதில் இளகாது, சூட்டில் சிறிது தவறினாலும் விரிசல் விடும். இரண்டையும் பிரித்தறிய, கிரைண்டர் சக்கரத்தில் வைத்துப் பொறியைப் பாருங்கள்: சாதாரண இரும்பின் பொறி நீண்டு, அதிகம் கிளைக்காமல் ஓடும், பட்டையின் பொறி பாதி வழியிலேயே பல கிளைகளாக வெடிக்கும்.

கொடுவாளைத் தள்ளிவைக்கச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. வீட்டு, வேளாண், தொழில் பயன்பாட்டுக்கென்றே அமைந்தவை நீங்கலாக, ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள வெட்டுக் கருவிகளை நம் நாட்டின் ஆயுத விதிகள் ஆயுதமாகவே வகைப்படுத்துகின்றன. தமிழகக் காவல்துறை 2021-ஆம் ஆண்டில், அரிவாளும் கத்தியும் வாங்குவோரின் விவரங்களைப் பதிவு செய்யுமாறு பட்டறைகளை அறிவுறுத்தியது. நீங்கள் ஆர்வத்தில் செய்யும் ஒரு பெரிய வாளுக்காக விளக்கம் சொல்லவேண்டியவர் உங்கள் ஆசாரியாகத்தான் இருப்பார்.

கேள்வி: நெய்வேலி பக்கத்திலேயே இருக்கும்போது, விலை கொடுத்து அடுப்புக்கரி வாங்குவானேன்? பழுப்பு நிலக்கரியை உலையில் பயன்படுத்தலாமா? (குறிஞ்சிப்பாடி வாசகர்)

பதில்: இயலாது. வெட்டியெடுத்த பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரமே. கிலோவுக்கு 2,500 கிலோகலோரி அளவுக்குத்தான் அது வெப்பம் தரும். நல்ல அடுப்புக்கரி 7,000 கிலோகலோரியை ஒட்டித் தரும். ஒரு காலத்தில் நம் பகுதி வீடுகளில் ‘லெகோ’ என்ற கரிக்கட்டிகள் எரிந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பழுப்பு நிலக்கரியை அழுத்திக் கட்டியாக்கி, ஈரத்தையும் புகையையும் சுட்டு நீக்கிய பிறகே அது அடுப்புக்கு ஏற்றதாயிற்று. சீமைக்கருவேலக் கரியோ சவுக்குக் கரியோ கிடைத்தால் அதையே வாங்குங்கள். சிரட்டைக்கரி சூடு நன்றாகத் தந்தாலும் மெல்லிய ஓடுகளாக இருப்பதால் உலையில் நிலைத்து நிற்பதில்லை, பொறியும் அதிகம்.

கரியின் அருமைக்குக் கடலூர் மாவட்டமே சான்று. 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் நடத்திய இரும்பாலைக்குச் சேலம் பக்கத்துத் தாதும் விறகுக்கரியும்தான் ஆதாரமாக இருந்தன. கரியைப் போதுமான அளவில் கட்டுப்படியாகும் விலைக்குப் பெற முடியாமற்போனதும் அவ்வாலை தழைக்காததற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

கேள்வி: நான் ஒரு பெண். கலைக் கல்லூரியில் சிற்பம் பயின்றவள். ஆசாரி ஒருவர் கற்றுத்தர இசைந்திருக்கிறார். ஆனால் அரை மணி நேரம் அடித்தாலே தோளும் முன்கையும் வலிக்கின்றன. இது எனக்கு ஒத்துவராத தொழிலோ? (வில்லியனூர் வாசகி)

பதில்: நம் ஊர்ச் சாலையோரங்களில் தற்காலிகப் பட்டறை போடும் வட இந்தியக் குடும்பங்களில், கணவர் குறட்டைப் பிடித்திருக்க மனைவி சம்மட்டி அடிப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். உங்கள் வலிக்கான காரணத்தை உடல் வலுவில் தேடுவதைவிடக் கருவியில் தேடுவது நல்லது. ஒரு கிலோவுக்கு மேற்பட்ட கைச்சுத்தியுடன் தொடங்கவேண்டாம். முக்கால் கிலோ போதும். காம்பு உங்கள் கைக்குப் பருமனாக இருந்தால் அதை இழைத்து மெலிதாக்கச் சொல்லுங்கள். பருத்த காம்பை இறுக்கிப் பிடிப்பதே முன்கை வலிக்குப் பெரும்பாலும் காரணம். சுத்தியை உயர்த்தும்போது மட்டும் உங்கள் வலு செல்லவேண்டும். இறங்கும்போது அது தன் எடையால் விழ, நீங்கள் வழிகாட்டினால் போதும். நின்று வேலை செய்கிறீர்கள் என்றால், கையைத் தொங்கவிட்டு முட்டி மடக்கும்போது விரல் முட்டி படும் உயரத்தில், இரும்பை வைத்து அடிக்கும் பட்டறைக்கல்லின் மேற்பரப்பு இருக்கவேண்டும். தரையில் அமர்ந்து அடிக்கும் ஆசாரியின் கல் அவருக்கேற்றபடி தாழ்ந்திருக்கும்; நீங்கள் அதற்கு முன் குனிந்து நின்று அடித்தால் தோள் மட்டுமல்ல, இடுப்பும் போய்விடும்.

சம்மட்டி அடிக்கும் முறை வரும்போது ஒன்றை மட்டும் மறவாதீர்கள். ஆசாரி தம் கைச்சுத்தியால் இரும்பில் எங்கே தட்டுகிறாரோ அங்கேதான் சம்மட்டி விழவேண்டும். அவர் மெல்லத் தட்டினால் மெல்ல, ஓங்கித் தட்டினால் ஓங்கி. அவர் இரும்பை விட்டுக் கல்லின் மேல் தட்டிவிட்டால் அதுவே நிறுத்தச் சொல்லும் குறி. அந்த ஓசைக்குப் பிறகு விழும் ஒரு சம்மட்டி அடி அவர் விரலைப் பதம் பார்த்துவிடும்.

கேள்வி: லாரிப் பட்டையில் ஒரு கரும்பு வெட்டும் கத்தி செய்தேன். ஆசாரி ஊருக்குப் போயிருந்த நேரத்தில், நானே நன்றாகப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தேன். ‘டிங்’ என்று ஓசை கேட்டு, வாயில் மூன்று இடங்களில் விரிசல் விழுந்துவிட்டது. எங்கே பிழை நேர்ந்தது? (நெல்லிக்குப்பம் வாசகர்)

பதில்: கத்தி போய்விட்டது, ஆனால் அதை எறிந்துவிடாதீர்கள். விரிசல் விழுந்த இடத்தில் கத்தியை இடுக்கியில் கவ்வி, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, தட்டி உடைத்து, உடைந்த முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சர்க்கரையைத் தூவியதுபோல் மின்னும் பருமனான மணிகள் தெரிந்தால், எஃகைத் தேவைக்கு மேல் காய்ச்சியிருக்கிறீர்கள் என்று பொருள். சாம்பல் நிறத்தில், பட்டுத் துணி போன்ற நுண்ணிய மணியாக இருந்தால் சூடு சரி, தண்ணீர்தான் காரணம். முகத்தில் ஒரு பகுதி மட்டும் கறுத்தோ துருவேறியோ இருந்தால், அந்த விரிசல் தோய்ப்பதற்கு முன்பே அங்கே இருந்தது. லாரிக்கு அடியில் ஆண்டுக்கணக்காக வளைந்து நிமிர்ந்த பட்டையில் அத்தகைய மயிரிழை விரிசல்கள் இருப்பது அரிதன்று. உங்கள் கடிதத்தில் உள்ள “நன்றாகப் பழுக்க” என்ற சொற்களைப் பார்த்தால், முதல் காரணத்தையே நான் ஐயுறுகிறேன்.

அடித்து முடித்த கத்தியைத் தோய்ப்பதற்கு முன், செஞ்சிவப்புக்குக் காய்ச்சிக் காற்றில் தானே ஆறவிடுவதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். அடித்ததால் உள்ளே தங்கிய முறுக்கம் தளர்ந்து மணி நுண்மையாகும். பிறகு தோய்ச்சலுக்குக் காய்ச்சும்போது ஒரு காந்தத்தைக் கம்பியில் கட்டி அருகில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 770 டிகிரியில் இரும்பு காந்தத்துக்குப் பிடிபடாமற்போகும்; அதற்குச் சற்று மேலே, நிறம் வாய் முழுவதும் ஒரே சீராக வந்ததும் எடுத்துவிடவேண்டும். இந்தப் பட்டைக்குத் தண்ணீர் தேவையில்லை. கை பொறுக்கும் சூட்டில் உள்ள கடலை எண்ணெய் போதும். எண்ணெயை மூடியுள்ள இரும்புக் கலத்தில், முக்கால் அளவுக்கு மட்டும் ஊற்றி வைத்திருங்கள். கத்தியைப் பாதியில் நிறுத்தினால் மேற்பரப்பில் தீப்பற்றும், முழுதாக இறக்கிவிட்டால் அடங்கிவிடும். மெக்கானிக் கடையின் கழிவு எண்ணெய் இலவசமாகக் கிடைக்கும் என்று ஆசைப்படவேண்டாம். அதன் புகை நுரையீரலுக்கு ஆகாது.

தோய்த்த கத்தி கண்ணாடியாக நொறுங்கும் நிலையில் இருக்கும். வாயை உப்புத்தாளால் வெளுக்கத் தேய்த்துவிட்டு, முதுகுப் பக்கத்தைச் சூடான ஓர் இரும்புக் கட்டியின் மேல் வைத்து நிறம் ஓடுவதைக் கவனியுங்கள். முதலில் வெளிறிய வைக்கோல் நிறம், அடுத்துப் பழுப்பு, அடுத்து ஊதா, கடைசியில் நீலம் என்று முதுகிலிருந்து வாயை நோக்கி நகரும். இவை 220-லிருந்து 300 டிகிரி வரையிலான சூடுகள். கரும்பு வெட்டும் கத்தி அடிக்கடி கணுவில் மோதும் என்பதால், வாயில் பழுப்பு முடிந்து ஊதா தொடங்கும் வேளையில் நிறுத்தி ஆற்றிவிடவேண்டும். அந்த நகர்வு சில நொடிகளில் முடிந்துவிடும். எனவே முதல் சில முறை ஆசாரி இல்லாத நேரத்தில் இதைச் செய்யவேண்டாம்.

கேள்வி: கற்றுத்தருபவருக்கு என்ன கொடுப்பது முறை? அரசு உதவி ஏதேனும் உண்டா? (திருப்பாதிரிப்புலியூர் வாசகர்)

பதில்: முதல் நாளிலேயே பேசிவிடுங்கள். நீங்கள் எரிக்கும் கரிக்கும் கெடுக்கும் இரும்புக்கும் நீங்களே விலை கொடுப்பது குறைந்தபட்ச நாகரிகம். அதற்கு மேல், உங்களுக்குச் சொல்லித்தரும் நேரத்தில் அவர் ஒரு மண்வெட்டியையோ கடப்பாரையையோ தீட்டி முடித்திருப்பார் என்பதை மனத்தில் கொண்டு ஒரு தொகையைப் பேசுங்கள். “ஒன்றும் வேண்டாம்” என்று அவர் சொன்னால், அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அரசுத் திட்டங்கள் ஏற்கெனவே தொழில் செய்வோருக்கானவை. 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் கொல்லுத் தொழில் உட்பட 18 தொழில்கள் இடம்பெறுகின்றன. பயிற்சி நாளுக்கு 500 ரூபாய் உதவித்தொகையும் 15,000 ரூபாய் மதிப்புள்ள கருவிகளும் அதில் உண்டு. தமிழக அரசு அத்திட்டத்தை ஏற்காமல் கலைஞர் கைவினைத் திட்டம் என்ற தனித் திட்டத்தைக் கொண்டுவந்தது. பொழுதுபோக்காகக் கற்பவருக்கு இரண்டும் பொருந்தமாட்டா. ஆனால் உங்கள் ஆசாரிக்குப் பொருந்தக்கூடும். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பதில் அவருக்கு உதவினால், அதைவிடச் சிறந்த தட்சிணை இல்லை.

கேள்வி: ஆசாரியிடம் ஓரளவு கற்ற பின் வீட்டுக் கொல்லையில் சிறு உலை ஒன்று அமைக்கலாமா? (முதலியார்பேட்டை வாசகர்)

பதில்: அமைக்கலாம், அக்கம்பக்கத்தார் இசைந்தால். கரிப்புகையைவிட அவர்களைத் தொல்லைப்படுத்துவது கல்லின் ஓசைதான். கல்லைக் கனமான மரக்கட்டையின் மேல் இறுகப் பிணைத்து, அடியில் மணல் பரப்பினால் கணகணப்பு பெருமளவு அடங்கும். நான்கு புறமும் அடைத்த கொட்டகையில் உலை மூட்டாதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பாலியெஸ்டர் சட்டை பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் பருத்தியே உடுத்துங்கள். கால்சட்டை விளிம்பை மடித்துவிடாதீர்கள், சுடுசெதில் அதற்குள்தான் போய் விழும். ஈரமான சிமெண்டுத் தரையில் பழுத்த இரும்பைப் போட்டால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகித் தரையே வெடித்துத் தெறிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதை மறக்கக்கூடாது. அந்த மாதங்களில் கடற்காற்றும் சேர்ந்துகொள்வதால் ஒரே இரவில் துரு ஏறிவிடும். செய்து முடித்த கொக்கியைக் கறுப்புச் சூட்டில், அதாவது சிவப்பு முற்றிலும் அடங்கிய பின்னும் கை வைக்க முடியாத நிலையில், தேன்மெழுகால் தேய்த்துவிட்டால் நெடுநாள் தாங்கும்.

இறுதியாக, வெள்ளிபோல் பளபளக்கும் துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாய்த் துண்டுகளை எவர் கொடுத்தாலும் உலையில் வைக்காதீர்கள். துத்தநாகம் 907 டிகிரியில் ஆவியாகி, வெண்புகையாக எழும். அதை மூச்சில் வாங்கியவருக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் கண்டு, அதைச் சாதாரணக் காய்ச்சல் என்றே அவரும் எண்ணிக்கொள்வார். அப்படி நேர்ந்தால் மருத்துவரிடம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள்.